புல்வெளியில் கிடக்கும் கோட்டைகள்

பள்ளிக்கூட விஞ்ஞானசாலையில், கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் பௌதிகத் தராசைக் கையாண்டவர்கள் அநேகர். ஆனால் அதன் துலாக்கோல் எதன்மீது நின்று ஆடுகிறது என்பதைக் குனிந்து பார்த்தவர்கள் அவர்களுள் சிலரே. தூணின் உச்சியில் ஒரு சிறு கல்தகடும், அதன்மேல் கத்தியின் அலகைப் போலத் தீட்டப்பட்ட இன்னொரு கல்லும் இருக்கின்றன. அவ்விரண்டும் தொட்டுக்கொள்ளும் அந்த மயிரிழை விளிம்பில்தான் நிறுவையின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் ஏற்றியும் இறக்கியும் ஆட்டியும் வைத்த பின்னரும் தேயாமலும் துருவேறாமலும் நிற்கும் அந்தக் கல்லுக்கு அகேட் என்று பெயர். ரசாயனசாலையில் கடினமான பொருள்களைப் பொடிசெய்வதற்கென்று வைத்திருக்கும், பால்போல் வழவழத்த சிறு கல்லுரலும் குழவியும் அதே கல்தான். இவ்வாறு உழைப்புக்குப் பெயர்போன இந்தக் கல்லுக்கு அழகு என்ற இன்னொரு முகமும் உண்டு. அந்த முகத்தைக் காணும்பொருட்டே மனிதர்கள் நாட்கணக்கில் வெட்டவெளிப் புல்வெளிகளில் தலைகுனிந்து நடக்கிறார்கள். அவர்கள் எங்கே நடக்கிறார்கள், எதைக் கொண்டு கல்லை அறிகிறார்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

அகேட் அபூர்வமான மூலப்பொருள் எதனாலும் ஆனதன்று. ஆற்று மணலும், ஸ்படிக லிங்கமாகக் கடையப்படும் பளிங்கும், சிக்கிமுக்கிக் கல்லும், கொங்குநாட்டுக் கொடுமணலின் பண்டைத் தொழிற்கூடங்களில் மணிகளாக்கப்பட்ட சூதுபவளமும் எந்தச் சிலிகாவால் ஆயினவோ, அதே சிலிகாவாலேயே அகேட்டும் ஆயிற்று. வேற்றுமை அமைப்பில் இருக்கிறது. ஸ்படிகத்தில் சிலிகா ஒரே பெரிய ஒழுங்காக அடுக்கப்பட்டு, தெளிந்த நீர்போலக் காட்சி தருகிறது. அகேட்டிலோ அது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய நார்களாகி, அந்நார்கள் நெருங்கிய படலங்களாகி, அப்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வரிகளாகின்றன. வரி உள்ளதே அகேட். வரியில்லாத அதே பொருளைச் சால்செடனி என்பர். சிசிலித் தீவில் அகாட்டீஸ் என்று முற்காலத்தில் வழங்கிய ஆற்றின் கரையில் கிடைத்தமையால் இக்கல்லுக்கு அப்பெயர் வந்ததென்று கிரேக்க ஆசிரியர் தியோபிராஸ்டஸ் எழுதியிருக்கிறார். தமிழில் சிலர் இதைக் கோமேதகம் என்று எழுதுவதுண்டு. ஆயினும் நகைக்கடையில் கோமேதகம் என்று விற்கப்படுவது கார்னெட் இனத்தைச் சேர்ந்த வேறொரு கல் ஆதலால், அப்பெயரை இங்கே தவிர்த்துவிடுவது நலம்.

உலகில் அகேட் விளையாத கண்டம் ஏறக்குறைய இல்லை எனலாம். இருந்தும், சேகரிப்போர் ஒரு தனி மரியாதையுடன் பேசுவது அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் கிடைக்கும் ஃபேர்பர்ன் அகேட்டைப் பற்றித்தான். பிளாக் ஹில்ஸ் என்னும் மலைத்தொகுதியின் கிழக்கு அடிவாரத்தில், பிரெஞ்சு கிரீக் என்ற ஓடையின் கரையில், நூறு பேர்கூட வசிக்காத ஃபேர்பர்ன் என்ற சிற்றூர் இருக்கிறது. அதே ஓடையின் மேற்பகுதியில் 1874-ஆம் ஆண்டு ராணுவ அதிகாரி கஸ்டரின் தலைமையில் சென்ற படையோடு வந்தவர்கள் பொன்துகள்களைக் கண்டனர். லகோட்டா என்னும் பூர்வகுடி மக்களுக்கென்று 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் உறுதிசெய்து கொடுக்கப்பட்ட அந்த மலைகளுக்குள், பொன்னாசை பிடித்த கூட்டம் வெள்ளமாகப் புகுந்தது. கிழக்கிலிருந்து அம்மலைகளை நோக்கி விரைந்தவர்களுள் எத்தனை பேருடைய வண்டிச் சக்கரங்கள் வழியில் கிடந்த அகேட்டின்மீது ஏறிச் சென்றனவோ, கணக்கிட்டவர் இல்லை. பொன்னைத் தேடியவர்கள் மிதித்துப்போன அந்தக் கல்லே 1966-ஆம் ஆண்டில் தென் டகோட்டாவின் அதிகாரபூர்வ இரத்தினக்கல் ஆயிற்று.

இக்கல்லைத் தேடுவதற்கு அதிர்ஷ்டம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். அதிர்ஷ்டம் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கு முன்பாக வேண்டியது ஒன்று உண்டு. ஒருவன் எங்கே இருக்கக்கூடும் என்று அறிய அவன் பிறந்த ஊரையும் வந்த வழியையும் விசாரிப்பதுபோல, கல்லின் பூர்வீகத்தை விசாரித்தவனுக்கே அதன் இருப்பிடமும் அடையாளமும் விளங்கும்.

நமது தக்காணப் பீடபூமியின் அகேட்டுகளும், பெரும்பாலான பிறநாட்டு அகேட்டுகளும் எரிமலைக் குழம்பில் பிறந்தவை. குழம்பு ஆறிக் கருங்கல்லாக இறுகும்போது அதனுள் சிக்கிய ஆவிக்குமிழிகள் பொந்துகளாக நின்றுவிட, பின்னர் ஊறிவந்த சிலிகா நீர் அப்பொந்துகளை நிரப்பியது. ஆகவே அவை பெரும்பாலும் உருண்டும் நீண்டும் பாதாம்பருப்பின் வடிவத்தில் இருக்கின்றன. ஃபேர்பர்ன் அகேட்டின் ஜன்மம் வேறுவிதமானது. அதற்குத் தாய் நெருப்பல்ல, கடல். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பிரதேசத்தில் பரவியிருந்த ஆழமற்ற கடலின் அடியில் படிந்த மின்னலூசா என்னும் பாறைத்தொகுதியின் சுண்ணாம்புக் கல்லில், நீர் அரித்த குழிகளும் பொந்துகளும் தோன்றின. அக்குழிகள் குமிழியைப் போல உருண்டையானவையல்ல. மூலையும் முடுக்குமாக, கோணல்மாணலாக இருந்தன. சிலிகா கரைந்த நீர் அவற்றுள் புகுந்து, சுவரை ஒட்டி முதற்படலத்தை இட்டது. அப்படலம் சுவரின் ஒவ்வொரு முடக்கையும் அப்படியே பிரதி செய்தது. அடுத்த படலம் முதற்படலத்தைப் பிரதி செய்தது. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிவதுபோல, இந்தக் கல்லை எங்கே திறந்தாலும் கோணத்துக்குள் கோணம் தெரிவதற்கு அதுவே காரணம். நீரில் அவ்வப்போது கலந்த இரும்பின் அளவும் தன்மையும் மாறியதற்கேற்ப ஒரு படலம் சிவந்தது, ஒன்று மஞ்சளாயிற்று, ஒன்று பழுப்பாயிற்று. மாங்கனீசு சேர்ந்த இடம் கறுத்தது. ஒன்றும் சேராத இடம் வெளுத்தது.

இத்தனை ஒழுங்கான வரிகள் எவ்வாறு உண்டாயின என்பதில் அறிஞர்களிடையே இன்றளவும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. கூழ்போன்ற பொருளில் உப்புக்கரைசல் பரவும்போது தாமாகவே வளையங்கள் தோன்றுவதை 1896-இல் எடுத்துக்காட்டிய லீஸெகாங் என்னும் ஜெர்மானிய ரசாயனர், அகேட்டின் வரிகளும் அவ்வாறே பிறந்தவை என்று வாதித்தார். வெளியிலிருந்து படிப்படியாக வந்து சேர்ந்த கரைசலே ஒவ்வொரு வரியையும் இட்டது என்று வேறு பலர் கூறினர். வாதம் எப்படி முடியினும், வரிகள் பொந்தின் சுவரைப் பின்பற்றிச் செல்கின்றன என்ற உண்மை மட்டும் மாறுவதில்லை. தேடுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான்.

சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் உள்விசைகள் அப்பிரதேசத்தை ஒரு பெரிய கொப்புளம்போல மேலே தள்ள, பிளாக் ஹில்ஸ் எழுந்தது. எழுந்த மலையை மழை அரித்தது. மேலே மூடியிருந்த பாறைகள் அடுக்கடுக்காகக் கழன்றன. சுண்ணாம்புக் கல் கரைந்தது. கரையாத அகேட் தனித்து நின்றது. சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மலைகளிலிருந்து கிழக்கே ஓடிய ஆறுகள் அவ்வகேட்டுகளை உருட்டிச் சென்று, மணலோடும் கூழாங்கற்களோடும் சமவெளியில் பரப்பின. தாயைவிட்டுப் பிரியாத சகோதரர்களும் இக்கல்லுக்கு உண்டு. கஸ்டர் நகருக்கு மேற்கே டீப்பி பள்ளத்தாக்கில், சுண்ணாம்புப் பாறைக்குள்ளேயே புதைந்த உருண்டைகளாக அகேட் கிடைக்கிறது. மதில் போன்ற அதே வரிகள், அதே குலம். ஒன்று பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது, மற்றொன்று ஆற்றோடு போய்விட்டது.

ஆறு சேர்த்த கூழாங்கற் படிவங்களின்மேல் எரிமலைச் சாம்பலும் களிமண்ணும் நூற்றுக்கணக்கான அடி கனத்துக்கு மூடிக்கொண்டன. இன்று அவற்றை மழையும் காற்றும் மீண்டும் திறந்துகொண்டிருக்கின்றன. முறத்தில் புடைக்கும்போது பதர் பறக்க மணி தங்குவதுபோல, காற்று தூசியைக் கொண்டுபோகிறது, மழைநீர் களிமண்ணைக் கொண்டுபோகிறது, கனத்த கற்கள் மட்டும் நின்ற இடத்திலேயே தரையிறங்கி ஒன்றுசேர்கின்றன. புல்லுக்கிடையில் ஆங்காங்கே வழுக்கைபோலத் தோன்றும் இந்தக் கல்தளங்களைத்தான் அவ்வூரார் அகேட் படுகைகள் என்கிறார்கள். ஃபேர்பர்னுக்கு அருகிலும், ரயில்ரோடு பியூட்ஸ் என்ற குன்றுகளைச் சூழ்ந்தும், அப்பால் நெப்ராஸ்கா மாநிலத்தின் வடமேற்கு மூலையிலும் இவை காணப்படுகின்றன.

இப்படுகைகளிற் பல இன்று பொதுமக்கள் நடமாடக்கூடிய நிலமாக இருப்பதற்கு ஒரு துயரமே காரணம். இந்த மண்ணை உழுதால் பயிர் விளையும் என்று நம்பி வந்து குடியேறிய விவசாயிகளை 1930-களின் வறட்சியும் புழுதிப்புயலும் விரட்டியடித்தன. கைவிடப்பட்ட நிலங்களை அரசாங்கம் விலைக்கு வாங்கி மறுபடியும் புல் வளர்த்தது. 1960-ஆம் ஆண்டில் அவை தேசியப் புல்வெளிகள் என்று பெயர் பெற்றன. இன்று அந்நாட்டில் இத்தகைய புல்வெளிகள் 20. அவற்றின் மொத்த விஸ்தீரணம் சுமார் 40 இலட்சம் ஏக்கர். அவற்றுள் ஃபேர்பர்ன் பக்கத்துப் படுகைகளைக் கொண்ட பஃபலோ கேப் தேசியப் புல்வெளி மட்டும் சுமார் 6 இலட்சம் ஏக்கர். நெப்ராஸ்கா எல்லைக்குள் உள்ளது ஓக்லாலா தேசியப் புல்வெளி.

ஆறு இலட்சம் ஏக்கரில் ஒரு கைப்பிடிக் கல்லைத் தேடுவதென்றால் மலைப்பாகத்தான் இருக்கும். பூர்வீகம் அறிந்தவனுக்கு அந்த மலைப்பு பாதியாகக் குறைகிறது. புல் செழித்த இடத்தில் கல் மண்ணுக்குள் இருக்கும். ஆதலால் அங்கே நடப்பதில் பயனில்லை. சாம்பல் நிறக் களிமண் சரிவுகளின் அடியிலும், மழைநீர் கீறிய சிறு ஓடைகளின் படுகையிலும், குன்றுகளின் தட்டையான தலையிலும்தான் கண் செல்லவேண்டும். அங்கும் எல்லாக் கல்தளமும் ஒன்றல்ல. கூழாங்கற்களுக்கிடையே இளஞ்சிவப்பான ரோஜா குவார்ட்ஸ் துண்டுகள் தென்படுமாயின் அது நல்ல சகுனம். ஏனெனில் அக்கல் பிளாக் ஹில்ஸின் உட்பகுதியில் விளைவது. அதைச் சுமந்துவந்த ஆறு மின்னலூசா பாறையையும் கடந்தே வந்திருக்க வேண்டும். சமவெளியில் வாழும் ஒருவகை எறும்புகள் தங்கள் புற்றின்மேல் சுற்றுவட்டாரத்துச் சிறு கற்களைப் பொறுக்கி வந்து கவிக்கின்றன. அப்புற்றைக் கலைக்காமல் சற்றே நின்று பார்த்தால், அந்த இடத்துப் பொடிக்கற்களின் மாதிரி சேகரத்தைச் செலவில்லாமல் பார்த்ததாகிவிடும்.

மழை பெய்து தரை காய்ந்த மறுநாளும், பனி உருகிய வசந்தகாலமும் தேடுவதற்கு உகந்தவை. கழுவப்பட்ட கல் தன் நிறத்தை மறைப்பதில்லை. மழை பெய்து ஈரம் காயாத வேளையிலோ அங்கே போகலாகாது. கம்போ என்று அவ்வூரார் அழைக்கும் அந்தக் களிமண் நனைந்துவிட்டால், பாதரட்சையில் ஒட்டி ஒட்டி ஒவ்வொரு காலும் ஒரு பானையாகக் கனக்கும். வண்டியின் சக்கரம் சுழலுமே தவிர நகராது. நிழலுக்கு மரம் இல்லாத அந்த வெளியில் இடியுடன் மேகம் திரளுமாயின், திரும்பிவிடுவதே விவேகம். கையில் ஒரு தடி, கல்லைப் புரட்டவும் புல்லைத் தட்டவும். ஏனெனில் கல்லின் நிழலில் வாலைக் கிலுக்கும் விரியன் பாம்பும், முழந்தாளிடும் இடத்தில் சப்பாத்திக் கள்ளியும் இருக்கக்கூடும். இடுப்பில் ஒரு குப்பி தண்ணீர், குடிக்கவும் கல்லை நனைக்கவும். சட்டைப்பையில் பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைலென்ஸ். அவ்வளவே ஆயுதம்.

அதிகாலையில் சூரியன் சாய்ந்து நிற்கும்போது, கிழக்கு நோக்கி மெதுவாக நடக்கும் ஒருவரைப் பின்தொடர்வோம். முதல் ஒரு மணி நேரம் அவர் கண்ணில் கற்கள் மட்டுமே படுகின்றன: வெளுத்த குவார்ட்ஸைட், செங்கல் நிற ஜாஸ்பர், மங்கிய செர்ட். பிறகு கண் பழகிவிடுகிறது. கண் பழகுவது என்றால் அகேட்டைக் காணப் பழகுவதல்ல, அகேட் அல்லாதவற்றைக் காணாமல் விடப் பழகுவது. ஆயிரம் கல்லைத் தள்ளிய பிறகு, ஒரு ஓடையின் விளிம்பில் அவர் நிற்கிறார். உருளைக்கிழங்கின் அளவில், உருளைக்கிழங்கின் தோலைப் போலவே பழுப்பேறிய ஒரு கல், பாதி மண்ணுக்குள் கிடக்கிறது. அதை ஏன் எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே உடனே சொல்லத் தெரியாது. எடுத்துத் தூசியைத் துடைக்கிறார். மேற்பரப்பு முழுவதும் நகத்தால் கீறியதுபோன்ற நுண்ணிய பிறைவடிவ வடுக்கள். ஆற்றில் உருண்டபோது பிற கற்கள் மோதிய தழும்புகள் அவை. கண்ணாடியைப் போல உடையும் கல்லில்தான் அத்தகைய தழும்பு விழும். ஒரு மூலையில் சிறிது சில்லு பெயர்ந்த இடம் சிப்பியின் உட்புறம்போலக் குழிந்து, மெழுகு பூசியதுபோல மின்னுகிறது. பேனாக்கத்தியின் முனையால் அழுத்திக் கீறுகிறார். கல்லில் கோடு விழவில்லை, கத்தியின் எஃகு தேய்ந்து சாம்பல் நிறத் தடம் பதிகிறது. 1812-இல் கனிம அறிஞர் மோஸ் வகுத்த கடினப் படிவரிசையில் சுண்ணாம்புப் படிகத்துக்கு 3, அகேட்டுக்கு ஏறக்குறைய 7. சாதாரணக் கத்தியின் எஃகு அதற்குக் கீழ்ப்படியிலேயே நிற்கிறது.

இதுவரை தெரிந்ததெல்லாம் இது சிலிகா இனம் என்பது மட்டுமே. பிறகு அவர் கல்லைத் திருப்பி, அடிப்பக்கத்தில் சில துளி நீரை விடுகிறார். மண் கரைந்து ஒழுக, கட்டைவிரல் நகமளவு ஒரு ஜன்னல் திறக்கிறது. உள்ளே சிவப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், மீண்டும் வெள்ளை என்று நூலிழை நூலிழையாக வரிகள், ஒன்றையொன்று தொடாமலும் விலகாமலும், முனைக்கு முனை மடங்கிச் செல்கின்றன. மலையுச்சியில் நின்று கீழே பார்ப்பவனுக்கு ஒரு பழைய கோட்டையின் மதிலும் அகழியும் உள்மதிலும் எவ்வாறு கோணங்கோணமாகத் தெரியுமோ, அதேபோன்ற காட்சி. கோட்டை அகேட் என்ற பொதுப்பெயர் இதனால் ஏற்பட்டது. ஃபேர்பர்னின் வரிகள் ஹாலி என்னும் செடியின் இலையைப் போல முள்முனை கொண்டு வளைவன என்று அந்நாட்டார் வர்ணிப்பர். ஹாலியைக் காணாத நாம், கழிக்கரைகளில் வளரும் கழுதைமுள்ளியின் இலையை நினைத்துக்கொண்டால் போதும், ஏறக்குறைய அதே விளிம்புதான்.

மதில் தெரிந்தால் ஃபேர்பர்ன், தெரியாவிட்டால் வேறு. இந்தச் சூத்திரம் எளிமையானதாயினும், அதன் இரண்டாம் பகுதியே தேடுகிறவனின் பெரும்பாலான நேரத்தை விழுங்குகிறது. அதே படுகைகளில் ஏராளமாகக் கிடைக்கும் ப்ரெய்ரி அகேட்டிலும் வரிகள் உண்டு. ஆனால் அவை அடுக்கிவைத்த துணிமடிப்புகள்போல நேராகவோ அலையாகவோ செல்லுமேயன்றி, மூலை மடங்கி வளைந்து மூடுவதில்லை. இழிந்த கல் என்று அதைத் தள்ளவேண்டியதில்லை; நெப்ராஸ்கா மாநிலம் 1967-இல் அதையே தன் மாநிலப் பாறையாக ஏற்றுக்கொண்டது. ஜாஸ்பரில் நிறம் உண்டு, ஒளி ஊடுருவாது, ஒழுங்கான வரி இராது. களிமண் வெடிப்புகளில் தகடு தகடாக விளைந்த சால்செடனி வெயிலில் பளபளத்துத் தொலைவிலிருந்தே அழைக்கும். அருகே போனால் நிறமும் வரியும் அற்ற வெறுந்தகடு. கல்லாகிய மரத்தில் வரிகள் இருக்கும், அவையோ ஒரே திசையில் ஓடும் மரத்தின் ரேகைகள். லென்ஸை வைத்தால் மரத்தின் நுண்துளைகளும் தெரிந்துவிடும்.

கடைகளில் ஊதாவும் மயில்நீலமும் பளிச்சென்ற இளஞ்சிவப்புமாக விற்கப்படும் அகேட் சில்லுகளைப் பார்த்தவர்கள், இயற்கை இவ்வளவு தாராளமாக வண்ணம் தீட்டுமா என்று ஐயுற்றால் அந்த ஐயம் நியாயமானதே. அகேட்டின் நார்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அவற்றுள் சாயம் புகும். ஜெர்மனியின் ஈடார்-ஓபர்ஸ்டைன் நகரத்துக் கைவினைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இக்கலையில் தேர்ந்தவர்கள்: சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்த கல்லைக் கந்தக அமிலத்தில் இட்டால், உட்புகுந்த சர்க்கரை கரியாகி, சாம்பல் நிறக் கல் கறுப்பாகிவிடும். புல்வெளியில் தானே கண்டெடுத்தவனுக்கு இந்தச் சந்தேகம் எழுவதில்லை. விலைக்கு வாங்குகிறவன்தான் சந்தேகப்படவேண்டும். சேகரிப்போர் ஃபேர்பர்னை மதிக்கும்போது, வரிகளின் நெருக்கத்தையும், ஒரு நிறம் மறுநிறத்திலிருந்து பிரிந்து நிற்கும் தெளிவையும், மதில் எத்தனை பக்கங்களில் முழுமையாகத் தெரிகிறது என்பதையும், விரிசல் உண்டா என்பதையும் பார்க்கிறார்கள். பிற அகேட்டுகளை அறுத்து மெருகிடுவது வழக்கம். ஃபேர்பர்னைப் பலர் அறுப்பதில்லை. ஆறும் காற்றும் தேய்த்த முகத்தோடு, கிடந்த கோலத்திலேயே வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதுகிறார்கள்.

இந்த மரியாதை நிலத்துக்கும் உரியது. தேசியப் புல்வெளியில் கையால் பொறுக்கக்கூடிய கற்களைச் சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் எடுத்துச்செல்ல அனுமதி உண்டு. தோண்டுவதற்கும் விற்பனைக்காக அள்ளுவதற்கும் இல்லை. அதே களிமண் சரிவுகளிலிருந்து, யானையளவு பருத்துக் காண்டாமிருகத்தைப் போன்ற உருவம் கொண்டிருந்த பிரான்டோதீர் முதலிய அழிந்துபோன பிராணிகளின் எலும்புகளும் வெளிப்படுகின்றன. முதுகெலும்புள்ள பிராணிகளின் அவ்வெச்சங்களைத் தொடாமல் விடவேண்டும் என்பது சட்டம். லகோட்டாக்களின் முன்னோரும் அவர்களுக்கு முந்தியோரும் செதுக்கிய அம்புமுனைகளுக்கும் அதே விதிதான். பக்கத்திலுள்ள பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவினுள் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கலாகாது. புல்வெளியின் எல்லைக்குள்ளேயே தனியார் மேய்ச்சல் நிலங்கள் கட்டங்கட்டமாகக் கலந்திருக்கின்றன. அங்கே நுழைய உடையவரின் சம்மதம் வேண்டும். வேலியின் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுவருவது அந்நாட்டு நடைபாதை தர்மம். ஒரு கதவைத் தவறவிட்டால் நூறு மாடுகள் வழிதவறிவிடும்.

காலை முதல் மாலை வரை நடந்து வெறுங்கையோடு திரும்புவது இத்தேடலில் விதிவிலக்கன்று, அதுவே விதி. நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் பொறுக்கிவிட்ட படுகைகள் அவை. புதிய கல் கிடைப்பதற்கு இன்னொரு மழைக்காலம் இன்னும் ஒரு விரற்கடை களிமண்ணைக் கரைக்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் மழை பெய்கிறது, களிமண்ணும் கரைகிறது. இதைப் படிக்கும் வாசகர் தென் டகோட்டாவுக்குப் போவதற்கு நேராமற் போகலாம். அப்படியாயின் தம் ஊர் ஆற்றுப்படுகையில் ஒருநாள் மாலை இறங்கி, ஒரே ஒரு கூழாங்கல்லை எடுத்து, நனைத்து, கத்தியால் கீறி, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்து, இது எந்த மலையிலிருந்து எந்த ஆற்றோடு வந்தது என்று விசாரித்துப் பார்க்கட்டும். அகேட்டை அறிவதற்குரிய முதற்பாடம் அதுதான். அதற்குச் செலவு ஒரு மாலைப்பொழுது.